திருகாணி இல்லாத வீடு

ஐவியைக் கட்டிக்கொள்ள எனக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. "சொந்த வீடு இல்லன்னா எங்க வீட்லயே தங்கிடுங்க, தம்பி" என்று அவள் அப்பா அகஸ்டின் சொல்லிவிட்டார். விடியற்கால ஜெபமாலையிலிருந்து ராத்திரிக் கஞ்சிவரை அந்த மனிதரின் அதிகாரத்தில் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது. செங்கல் வீட்டுக்கோ 1932-இல் ஒரு வாத்தியார் சம்பளம் எந்த மூலைக்கு? சீமைத் தொழிற்சாலையில் பலகைகளை அறுத்து, எண் போட்டு, கப்பலில் அனுப்பும் மலிவு வீடு ஒன்றுக்கு எழுதிப்போட்டேன்.

மூன்று மாட்டுவண்டிகளில் வீடு சாந்தோமுக்கு வந்து சேர்ந்தது. திருகாணிப் பெட்டி மட்டும் வரவில்லை. அடுத்த கப்பலுக்கு இரண்டு மாதம் ஆகும். சனிக்கிழமை காலை அகஸ்டின் வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிப்பார்கள்.

குப்பத்து லூர்துசாமி சிரித்தார். "திருகாணி இன்னாத்துக்கு வாத்தியாரே? கயிறு கீது, நான் கீறேன்."

கட்டுமரம் கட்டிப் பழகிய கை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சுவர், ஜன்னல், கூரை எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டி நிறுத்திவிட்டார். சுவரை எட்டி உதைத்துப் பார்த்தேன், கால்தான் வலித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

விடிவதற்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்தது.

காலையில் அகஸ்டினையும் ஐவியையும் பெருமையாக அழைத்துப் போனேன். வாசல் நிலை மட்டும் தனியாக நின்றது. மிச்ச வீடு மணல் நெடுகக் கருவாடு போலக் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் லூர்துசாமி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்ணீங்க என் வீட்ட?"

"மரம் நனஞ்சிபோச்சே வாத்தியாரே! கட்டவுத்துக் காயப் போடலன்னா உளுத்துப்பூடும். எந்தக் கட்டுமரத்த அப்டியே வுட்டு வெப்போம்?"

ஓலையும் போயிற்று, ஐவியும் போனாள் என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அகஸ்டின் குனிந்து ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"மறுபடி கட்ட எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒரு நா போதும், நைனா" என்றார் லூர்துசாமி.

"எங்க வேணும்னாலும் கட்டலாமா?"

"எடம் இருந்தா சரி."

அகஸ்டின் முகம் மலர்ந்தது. "அப்ப எங்க கொல்லைல கட்டு. கெணத்துப் பக்கம் சும்மாத்தான் கெடக்கு."

ஐவி சிரிப்பை அடக்க முடியாமல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஓலை வாசித்தார்கள். இப்போது தினமும் நாலரை மணிக்கு மாமனார் வந்து என் சொந்த வீட்டின் சொந்தக் கதவைத் தட்டி ஜெபமாலைக்கு எழுப்புகிறார். திருகாணிப் பெட்டி வந்த அன்றே, ஒன்று விடாமல் அவரே முடுக்கிவிட்டார்.