ஐந்து பேப்பரிலும் ஒரே செய்தி

திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் ஐந்து நாளிதழ்களுக்கு ஐந்து நிருபர்கள். ஆனால் ஒரு சம்பவத்துக்கு ஒருவர்தான் போவார். முறை வைத்திருந்தார்கள். போனவர் எழுதியதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், மற்ற நால்வரும் முதல் வரியை மட்டும் மாற்றித் தத்தம் ஆபீசுக்குத் தட்டிவிடுவார்கள். பெட்ரோலுக்கே கட்டாத பிழைப்பில் இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. ஐவரில் ஒருத்தியான மகிழினியும் நினைத்ததில்லை.

எர்ணாவூர் மீன் பதப்படுத்தும் கம்பெனியில் அமோனியா கசிந்த அன்று அவள் முறை. எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன, ஸ்கூட்டி நுழையக்கூடச் சந்து இல்லை. அரைமணி நேரம் புகையைக் குடித்துவிட்டு, ஓரமாக நின்றபடியே கம்பெனி மேனேஜருக்கு போன் போட்டாள். லேசான கசிவுதான், ஒருத்தருக்கும் பாதிப்பில்லை என்று அவர் தேனாகப் பேசினார். எல்லாரும் கை போன போக்கில் சேர்ப்பதுபோல, ‘நமது நிருபர் நேரில் சென்று பார்த்தபோது’ என்பதையும் சேர்த்துக் குழுவில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனாள். மறுநாள் ஐந்து பேப்பரிலும் அதுவே வந்தது.

பத்து நாள் கழித்து மங்கம்மா என்பவள் விசாரித்துக்கொண்டு மகிழினியின் ஆபீசுக்கு வந்து சேர்ந்தாள். அந்தக் கம்பெனியில் இறால் உரிப்பவள். மாடிப்படி ஏறியதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. கசிவு நாளில் மயங்கி விழுந்த பதினொரு பெண்களில் அவளும் ஒருத்தி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். சீட்டில் மூச்சிரைப்பு என்று இருந்ததே தவிர, எதனால் என்று இல்லை. பொய் சொல்லி லீவு போட்டாள் என்று கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. சாட்சியாக ஐந்து பேப்பரையும் வெட்டித் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை.

மங்கம்மா சண்டை போட வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அஞ்சு பேப்பர்காரங்களும் நேர்ல வந்து பாத்தோம்னு போட்டுகிறீங்கோ. நாங்க பதினோரு பேரும் கம்பெனி கேட்டாண்டதாம்மா கெடந்தோம். நீங்கெல்லாம் எந்த வழியா வந்தீங்கோ?”

மகிழினிக்கு வெட்கத்தில் காது சூடேறியது.

குழுவில் மூத்தவர் ராயபுரம் பிராங்கிளின். அவரிடம் சொன்னபோது அவர் கோபப்படக்கூட இல்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் என்று புதிதாக ஒரு செய்தி போடு, ஐந்து பேரும் போடுகிறோம் என்றார். அது உதவாது என்று மகிழினிக்குத் தெரிந்தது. அன்று இல்லாத பாதிப்பு இப்போது எங்கிருந்து முளைத்தது என்றுதான் கம்பெனி கேட்கும்.

“நீ போகலன்னு மட்டும் சொல்லிடாத மகி. அஞ்சு வூட்டு அடுப்புல தண்ணி ஊத்தாத,” என்றார் பிராங்கிளின்.

அவளுடைய பேப்பரின் ஆசிரியர் இன்னும் சுருக்கமாக முடித்தார். சொல்வதானால் சொல்லிக்கொள், சனிக்கிழமை ஆபீசுக்கு வரவேண்டாம். பயந்துதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குப் போனாள். ஐந்து பேப்பரும் எப்படிப் பொய் எழுதும் என்று அதிகாரி கேட்டார்.

“அஞ்சும் நான் எழுதினதுதான் சார். நான் அங்க போகவே இல்ல. ரோட்ல நின்னு மேனேஜருக்கு போன் பண்ணேன். அவர் சொன்னதப் போட்டேன்.”

அதிகாரி வெட்டிய துண்டுகளை மேனேஜரிடமே திருப்பிக் கொடுத்தார். மங்கம்மாவைத் திங்கட்கிழமை முதல் வேலைக்குச் சேர்க்கச் சொன்னார். மங்கம்மா மகிழினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று செய்திக்குப் போகும் முறை பிராங்கிளினுடையது. அவர் வருவார் என்று மகிழினி கடைசிவரை வாசலைப் பார்த்தபடி இருந்தாள். வரவில்லை.

சனிக்கிழமை அவளுடைய பேப்பரில் ஒன்றும் இல்லை. மற்ற நாலிலும் ஒரே செய்தி. நமது நிருபர் நேரில் சென்று பார்த்தபோது, விசாரணை சுமுகமாக முடிந்து இரு தரப்பினரும் கலைந்து சென்றனர்.