செம்புத் தளிர்

சியாபாஸ் மலையடிவாரத்தில் எங்கள் நாற்றங்காலில் பனைபோன்ற சைகட் செடியில் இரண்டு வகைக் கன்றுகள் இருந்தன. இடப்புறத்தவை எங்கும் வளர்பவை. வலப்புறத்தவை செங்குத்துப் பாறையில் மட்டும் வளர்ந்த இனம். தாய்ச்செடிகள் அனைத்தும் திருடுபோன பின் அந்த இனம் எங்கள் தொட்டிகளில் மட்டுமே எஞ்சியது. முற்றிய இலையைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. தளிர்விடும்போது இடப்புறம் பச்சை, வலப்புறம் செம்பு. மழைக்கு முன் எதுவும் தளிர்ப்பதில்லை.

மழைக்கு முன்பே திபுர்சியோ வந்தான். எங்களிடம் கூலிக்கு இருந்தவன். தாய்ச்செடிகளைப் பெயர்த்தவனும் அவனே. உடன்வந்த இருவர் என் வலக்கையை மேசைமேல் அழுத்திப் பிடித்தனர்.

"பாறைச்செடி எதுடா, நிகாண்ட்ரோ?"

"இடது பக்கம்."

சுத்தியல் சுண்டுவிரலில் இறங்கியது.

"மறுபடி சொல்லு."

"இடதுதான்டா, நாயே."

மோதிர விரல்.

"விடுறா அவனை!" என்று அக்கா ஓதிலியா கத்தினாள். "எங்க அடுப்புல சுட்ட சோள ரொட்டியத் தின்னு வளந்த உடம்புதானேடா இது?"

"ரொட்டி கல்லு மாதிரி இருந்துச்சுக்கா. அந்தக் கோவம் இன்னும் போகல."

மற்ற இருவரும் சிரித்தனர். அக்கா சிரிப்பைக் கவனிக்கவில்லை. அவள் பார்வை சென்ற இடத்தை நானும் கண்டேன். வலப்புறம், அவள் காலருகே, ஒரு கன்று காலம் தவறித் தளிர்த்திருந்தது. செம்பு நிறம். அந்த அடையாளத்தைத் திபுர்சியோவுக்குக் கற்பித்தவன் நான்.

அவன் முகத்தில் உமிழ்ந்தேன். நடுவிரல் போயிற்று. அந்த நேரம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அவன் திரும்பியபோது அவள் தாடை அசைந்தது.

"என்னக்கா மெல்லுற?"

"பொகையில."

"துப்பு."

அவள் விழுங்க முயன்றாள். நார் தொண்டையில் சிக்கியது. துப்பாக்கியின் அடிக்கட்டை அவள் வாயில் பாய்ந்தது. மண்டியிட்டுத் துப்பினாள். திபுர்சியோ காலணி நுனியால் கிளறிப் பார்த்தான்: இரத்தம், இரண்டு பற்கள், கொஞ்சம் நார். அவ்வளவு சிவப்பில் செம்பு நிறம் தெரியவில்லை.

"பொகையிலைக்குப் பல்லையும் சேத்து மெல்லுறா. மூணு விரல் போயும் இவன் பேச்ச மாத்தல. இடதுதான், ஏத்துங்கடா."

ஏற்றிச் சென்றனர். தளிரின் நஞ்சால் அக்கா மறுநாள் முழுவதும் வாந்தியெடுத்தாள்.

நேற்று மழை பெய்தது. வலப்புறம் வரிசை முழுவதும் செம்பாகத் துளிர்க்கத் தொடங்கிவிட்டது. அவன் விற்ற இடத்தில் பச்சையாகத் துளிர்க்கும். ஆகவே அவன் திரும்பி வருவான். இடக்கையால் வெட்டுக்கத்தி வீசப் பழகிக்கொண்டிருக்கிறேன். முன்பல் இல்லாத வாயால் அக்கா பிழை திருத்துகிறாள்: "கழுத்துக்குடா, தம்பி. தோளுக்கில்ல."