மூணாவது வளைவு

முதல் நாள் நடைக்கு வந்த பதினோரு பெண்களில் ஒன்பது பேர் கையில் பை இருந்தது. மெஹ்ராஜும் ஒரு காலிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். போடியில் காலை ஆறு மணிக்குச் சும்மா நடக்கிற பெண் என்று யாரும் கிடையாது. பை இருந்தால், கேட்பவர்களிடம் காய்கறிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

"கைய வீசி நடங்கன்னா, வெஞ்சனம் வாங்கப் போற மாதிரி வந்து நிக்கிறீகளே!" என்றாள் நர்ஸ் பானுப்பிரியா. வேலையில்லாதவர்களுக்காகச் சுகாதார நிலையம் தொடங்கிய பன்னிரண்டு வார நடைப்பயிற்சிக்கு அவள்தான் பொறுப்பு. பைகளை வாங்கித் தன் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் திணித்துப் பூட்டினாள்.

"பத்தரமா வையி ஆத்தா, எங்க மானமே அதுக்குள்ளதான் இருக்கு," என்றாள் குருவம்மாள். அவளும் மெஹ்ராஜும் ஒரே ஏலக்காய் குடோனில் இருபத்திரண்டு வருஷம் சம்மணமிட்டுக் காய் பொறுக்கியவர்கள். நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷின் வந்த மாதமே இருவரையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின் ஒரு வருஷம் மெஹ்ராஜ் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். சர்க்கரை ஏறியது. மாடிப்படியில் முழங்கால் பிடித்துக்கொண்டு நாலு படிக்கு ஒருதரம் நின்றாள்.

நடக்கத் தொடங்கிய மூன்றாம் வாரம், எஸ்டேட்டுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றும் வேலுச்சாமியிடம் போய் மலை வேலை கேட்டாள். அவன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"உக்காந்தே காய் பொறுக்குன ஆளும்மா நீயி. சரிவுல நாள்பூரா நிக்கணும். அடிவாரத்து முந்தல்ல இருந்து மலை ரோட்டுல மூணாவது வளைவு வரைக்கும் நிக்காம ஏறிக் காட்டு, பெறகு பேசுவம்."

ஜீப்பிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். வீட்டில் புருஷன் ராஜா முகம்மதுவும் சிரித்தான். "சோலி இல்லாதவளுக்கு வேர்வ எதுக்குடி?" அவள் நடையை விடவில்லை. மழை பெய்த இரண்டு நாட்களிலும் தனியாக நடந்துவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் வாரம் பானுப்பிரியா எல்லோரையும் மலையடிவாரத்து முந்தலுக்கு அழைத்துப் போனாள். முதல் வளைவுவரை பேச்சும் சிரிப்புமாக ஏறினார்கள். இரண்டாவதில் குருவம்மாள் தடுப்புச் சுவரில் சாய்ந்துவிட்டாள். "நீ போத்தா. எனக்கும் சேத்து நட."

மெஹ்ராஜுக்குத் தொடை எரிந்தது. மூச்சு நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டது. ஆனால் முழங்கால் பிடிக்கவில்லை. அதை நம்ப முடியாமல் அடுத்த அடியையும், அதற்கடுத்த அடியையும் சோதித்துச் சோதித்து வைத்தாள்.

மேலே ஒரு ஜீப்பு முன்மூடி திறந்து, ஆவி பறக்க நின்றது. டிரைவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆட்கள் இறங்கிச் சாலையோரம் நின்றார்கள். வேலுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவளைப் பார்த்தான்.

"ஏம்மா, இம்புட்டுத் தூரம் வந்துட்டியே! செத்த நில்லு, மூச்சு வாங்கிக்க. வண்டி கெளம்பவும் ஏத்திக்கிறேன்."

"ஒங்க வண்டிக்குத்தாண்ணே மூச்சு வாங்குது," என்றாள் மெஹ்ராஜ், நிற்காமலே. "வெரசா வாங்க. மேல நிக்கிறேன்."

ஜீப்புக் கூட்டத்தில் யாரோ ஒருத்தி குலவை போட்டாள். உடனே எல்லாப் பெண்களும் சேர்ந்து போட, மலைச்சுவர் அதை வாங்கித் திருப்பி எறிந்தது. மூணாவது வளைவின் மஞ்சள் பலகை தெரிந்தது. அதைத் தாண்டியும் அவள் கால்கள் போய்க்கொண்டிருந்தன. எதிரே இறங்கி வந்த கேரள பஸ்சு ஒன்று, மலையேறும் வண்டிக்கு வழிவிடுவதுபோல அவளுக்காக ஓரம் ஒதுங்கி நின்றது.