நாற்பத்தொரு பேரங்கள்

என் அத்தான் ஸுஹைரின் சிரிப்புக்கு விலை நூற்று எண்பத்தொன்பது டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட். நான் வைத்த விலை அல்ல. ஹால் ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கடையில், லேப்டாப்போடு சேர்த்துத் தள்ளிவிடும் மூன்று வருடக் கூடுதல் வாரண்டிக்கு அவர்கள் வைத்த விலை. அக்கா இக்லாஸ் அதை முழுசாகக் கொடுத்து வாங்கினாள். சிரிப்பு போய்விட்டது. ரசீது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அத்தான் டெட்ராய்ட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். விடிந்ததும் விடியாததுமாக மொத்த வியாபாரிகளைப் போனில் பிடித்துப் பேரம் பேசுவார். "இந்த வெலைக்கு வெங்காயம் வாங்கினா உரிக்கறதுக்கு முன்னாடியே அழுதுடுவேன்யா" என்பார். "தக்காளிக்கு இவ்வளவு நகை போட்டு அனுப்பறியே, எந்தக் கல்யாணத்துக்குப் போகுது?" என்பார். அக்கா அவருக்குத் தெரியாமல் இதையெல்லாம் பதிவு செய்து, சாயங்காலம் அவருக்கே போட்டுக் காட்டிக் கேலி செய்வாள். மொத்தம் நாற்பத்தொரு பேரங்கள். எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். எதிராளி இறங்கி வந்ததும் அத்தான் சிரிப்பார். மூக்கில் ஆரம்பித்து வயிற்றில் போய் முடிகிற சிரிப்பு.

மாரடைப்பு அவரோடு பேரம் பேசவில்லை. அதற்குப் பிறகு, சாகக் கிடந்த பழைய போனிலிருந்து அந்தப் பதிவுகளை மாற்றி வைக்கத்தான் அக்கா லேப்டாப்பே வாங்கினாள். விற்றவன் ப்ரெண்ட் நோவிக்கி. வெள்ளைப் பல், நீலச் சட்டை.

"என் வீட்டுக்காரர் குரல இதுல போட்டு வைக்கப் போறேன். உள்ள இருக்கறதுக்கும் சேத்துத்தானே இந்த வாரண்டி?" என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் சேத்துத்தாம்மா. நீங்க கண்ண மூடிக்கிட்டுத் தூங்கலாம்."

தூங்கினாள். தினமும் காலையில் ஏலக்காய் டீயோடு உட்கார்ந்து ஒரு பேரம் கேட்பாள். நாற்பத்தொன்றும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இன்னொரு பிரதி எடுத்து வைக்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. தெரியாததால்தானே காசு கொடுத்து வாரண்டி வாங்கினாள்.

போன வருடம் அதில் சார்ஜ் ஏறாமல் போயிற்று. கடையில் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து அதே நிறத்தில், அதே அளவில், வேறொரு லேப்டாப் வந்தது. வீட்டில் வைத்துத் திறந்தாள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டது அது.

திரும்பக் கடைக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன். நோவிக்கி தாளைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினான். "பதினாலாவது விதியப் பாருங்கம்மா. உள்ள இருக்கற ஃபைலுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பில்ல. கையெழுத்து நீங்கதானே போட்டிருக்கீங்க."

"பழைய மெஷின் எங்க இருக்கு? அதையாவது தேடிக் குடுங்க."

"அதெல்லாம் அப்பவே நசுக்கியிருப்பாங்கம்மா."

அன்றிலிருந்து அக்கா காலை டீயை நின்றுகொண்டே குடிக்க ஆரம்பித்தாள். உட்காருவதற்குக் காரணம் இல்லையாம்.

இது இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஜலால் சித்தப்பாவின் மகள் நஹ்ரீனுக்கு இந்த மே மாதம் அதே கடையில் வேலை கிடைத்தது. பொருளைத் திருப்புகிற கவுண்டரில் நிற்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, அக்கா வீட்டில் எல்லோருமாகத் திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நசுக்கல அக்கா. பழைய மெஷின அறுபது நாள் கிடங்குல வெச்சிருப்பாங்க. கடையிலேர்ந்து ஒரு ஃபாரம் போட்டா உள்ள இருக்கறத எடுத்து அனுப்பிடுவாங்க."

அக்காவின் கை நின்றது. "அவன் ஏன் போடல?"

"போட்டா வித்தவன் பேர்ல புகார்னு ஏறும். அவன் நம்பர் கெட்டுடும்."

"என்னடி நம்பர்?"

"பத்து லேப்டாப் வித்தா அதுல எத்தனைக்கு வாரண்டி தள்ளினான்னு ஒரு கணக்கு. நோவிக்கிதான் இந்த வட்டாரத்துலயே முதல். கவுண்டருக்குப் பின்னாடி சுவத்துல போட்டோ மாட்டியிருக்காங்க. செப்டம்பர் வரைக்கும் நம்பர் நின்னுடுச்சுன்னா டிராய்ல தொறக்கற புதுக் கடைக்கு அவன்தான் மேனேஜர்."

அக்கா கையில் இருந்த இலை பிதுங்கி அரிசி வெளியே வந்தது. ஒரு ஃபாரம். அறுபது நாள். அவள் தொலைத்தது அவனுடைய நம்பருக்காக.

"வாரண்டி வாங்கினவங்க வேணாம்னு திருப்பிட்டா?" என்று கேட்டாள்.

"முப்பது நாளைக்குள்ளன்னா முழுப் பணமும் வந்துடும். திருப்பின அன்னைக்கு அவன் கணக்குல ஒண்ணு கழிஞ்சுடும்."

அக்கா அடுத்த இலையை மிக அழகாகச் சுருட்டினாள்.

ஆகஸ்டில் எங்கள் சனத்தில் ஏழு வீட்டுப் பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள். ஏழு லேப்டாப் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். அக்கா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள். ஏழு பேரும் நோவிக்கியிடமே வாங்க வேண்டும், ஏழு பேரும் வாரண்டி எடுக்க வேண்டும், ஒரே நாளில் எல்லோரும் போய்த் திருப்ப வேண்டும். "ஆனா முதல்ல நான் போறேன்" என்றாள். "அதே கேள்விய ஒரு தடவ கேப்பேன். உண்மையச் சொன்னான்னா விட்டுடுவேன்."

நான்தான் காரில் கூட்டிப் போனேன். நோவிக்கிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எழுநூற்று நாற்பத்தொன்பது டாலருக்கு ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தாள். அவன் உடனே வாரண்டித் தாளை நீட்டினான். விலை ஏறியிருந்தது. இருநூற்றுப் பத்தொன்பது தொண்ணூற்றொன்பது.

அக்கா யோசிக்க ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் யோசித்தாள். டீ கொட்டினால்? அதுவும் சேர்த்தி. பேரன் ஏறி மிதித்தால்? அதுவும். திருட்டுப் போனால்? அது மட்டும் இல்லை.

"வேணாம்க்கா" என்றேன் நான், அவனுக்குக் கேட்கிற மாதிரி. "நான் செவன் மைல் ரோட்டுல கடை வெச்சிருக்கேன். பொருள் மேல நம்பிக்கை இருக்கறவன் பொருளத்தான் விப்பான். அது கெட்டுப் போகும்ங்கறத தனியா விக்க மாட்டான்."

"தம்பிக்கு வாய் ஜாஸ்தி" என்றாள் அக்கா அவனிடம். பிறகு தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள். "உள்ள இருக்கறதுக்கும் சேத்துத்தானே?"

எனக்கு ஒரு நிமிஷம் அவன் மேல் இரக்கம் வந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடுவான்.

"எல்லாத்துக்கும் சேத்துத்தாம்மா."

"இன்னொரு தடவ சொல்லுங்க. காது கொஞ்சம் மந்தம்."

"எல்லாத்துக்கும். கண்ண மூடிக்கிட்டுத் தூங்கலாம்."

"குடுங்க" என்றாள் அக்கா. கேட்ட விலையைக் கொடுத்தாள். ஒரு சென்ட் குறைக்கச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருத்தி கேட்ட விலையைக் கொடுக்கிறாள் என்றால், யாருக்கோ சவப்பெட்டிக்கு அளவு எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

மற்ற ஏழு பேருக்கும் அதே உத்தரவுதான். பேரம் கூடாது, சந்தேகம் வரும். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வாரமே வாங்கியும் முடித்தார்கள். அக்கா நாட்களை எண்ணினாள்.

இருபத்தொன்பதாம் நாள், செப்டம்பர் பத்தாம் தேதி மதியம், ஏழு பேரும் அக்காவும் நானும் கவுண்டரில் வரிசையாக நின்றோம். நஹ்ரீன் எங்களை யாரென்றே தெரியாத முகத்தோடு, தன்னைப் பெற்ற ஜலால் சித்தப்பாவின் ரசீதை வாங்கிப் பார்த்தாள்.

"சார், வாரண்டி வேணாம்னா லேப்டாப்ல குறைச்ச நூத்தி இருபதும் போயிடும். வாரண்டி எடுத்ததுக்காகத்தான் குறைச்சிருக்காங்க. கடைசி வரியில இருக்கு."

அக்கா திரும்பினாள். "குறைச்சாங்களா? சித்தப்பா, பேரம் பேசினீங்களா?"

சித்தப்பா கூரையைப் பார்த்தார். "பேசல. அவன் வெலையச் சொன்னான், நான் மூச்சு விட்டேன். மூச்சு விட்டதுக்கு நூத்தி இருபது குறைச்சான். வேணாம்ங்கவா முடியும்?"

ஜலால் சித்தப்பா நூற்றிருபது குறைத்த சேதி, அவர் வாங்கிய அன்று ராத்திரிக்குள்ளேயே மற்ற ஆறு வீட்டுக்கும் போயிருக்கிறது. அவர் குறைத்ததற்கு மேல் ஐந்து டாலராவது குறைக்காமல் வந்தால் தலைகாட்ட முடியுமா? அடுத்தவர் நூற்றிருபத்தைந்து. அதற்கடுத்தவர் நூற்று முப்பது. ஏழாவது ஆள் நூற்றைம்பதில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். மொத்தம் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து டாலர். வாரண்டியைத் திருப்பினால் அத்தனையும் கடைக்கே திரும்பிப் போகும்.

"முப்பத்தோரு வருஷம் வியாபாரம் பண்ணியிருக்கேன்" என்றார் சித்தப்பா. "வெட்டின வெலையத் திருப்பிக் குடுத்ததா சரித்திரம் இல்ல."

மற்ற ஆறு பேரும் ரசீதை மடித்துப் பையில் வைத்தார்கள்.

கூட்டத்தைப் பார்த்து நோவிக்கி பல்லோடு வந்தான். சுவரில் இருந்த போட்டோவிலும் அதே பல். "வெச்சுக்கோங்க சார். இந்த மாதிரி டீல் இனிமே கிடைக்காது."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்தாள். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த எங்கள் பாஷையில் பேச ஆரம்பித்தாள். அவன் ஒரு எழுத்தும் புரியாமல் நடுவில் நின்றான்.

"நீங்க விட்ட காச நான் தரேன். இவன் மட்டும் தப்பிக்கக் கூடாது."

"தள்ளு, உன்கிட்ட வாங்குவேனா" என்றார் சித்தப்பா. கையை மட்டும் நீட்டியே வைத்திருந்தார்.

"கால்வாசி."

"கால்வாசிக்கு என் மானம் ரொம்பச் சல்லிசா இருக்கே."

"உங்க மானத்த நான் கேக்கல, வாரண்டியத்தான் கேக்கறேன். உங்க கடை திறந்த அன்னைக்கு ரெண்டு வண்டி தர்பூசணி கடனா எறக்கினது யாரு?"

சித்தப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "பாதி" என்றார். "உன்னோடது பாதி. மீதிப் பாதி ஸுஹைருக்காக எங்களோடது."

பாதி என்றால் நானூற்று எழுபத்திரண்டு டாலர் ஐம்பது சென்ட். அந்த ஐம்பது சென்ட்டுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் சித்தப்பா இறங்கி வந்தார். "சரி, அரை டாலர விட்டுட்டேன். எழுபத்திரண்டாவே வெச்சுக்கோ."

அக்கா சிரித்தாள். மூக்கில் ஆரம்பித்தது. வயிறு வரைக்கும் போகவில்லை.

பிறகு நோவிக்கியின் கண் முன்னாலேயே பணத்தை எண்ணி ஏழு பேருக்கும் பங்கு வைத்தாள். ஒவ்வொருவராக ரசீதை நஹ்ரீனிடம் நீட்டினார்கள். வேண்டாம். வேண்டாம். வேண்டாம். மூன்றாவதில் அவன் பல் மறைந்தது. ஐந்தாவதில் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்த் திரையைப் பார்த்தான். எட்டாவது ரசீது அக்காவுடையது.

"அம்மா, என்ன பிரச்சனை? எல்லாருமே எதுக்கு..."

"பிரச்சனை ஒண்ணும் இல்ல. முப்பது நாளைக்குள்ள திருப்பலாம்னு விதி இருக்கு. கையெழுத்து நீங்கதானே வாங்கியிருக்கீங்க."

அக்கா பழைய ரசீதை எடுத்துக் கவுண்டரில் விரித்தாள்.

"ஸுஹைர்னு பேரு. அறுபது நாள் உங்க கிடங்குல இருந்தாரு. ஒரு ஃபாரம் போட்டிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரு."

அவனுக்கு ஞாபகம் வந்ததை நான் பார்த்தேன். காதிலிருந்து கழுத்து வரைக்கும் சிவந்தது. "அம்மா, அப்ப எனக்கு... அந்த மாசம் நம்பர் ரொம்ப இறுக்கமா..."

"தெரியும்" என்றாள் அக்கா. "இப்ப கண்ண மூடிக்கிட்டுத் தூங்குங்க."

பள்ளி திறந்த பிறகு அந்தக் கடையில் லேப்டாப் வியாபாரம் படுத்துவிடும். அந்த மாதம் அதுவரை அவன் விற்றது ஒன்பது, தள்ளிய வாரண்டி ஐந்து. ஐந்தில் எட்டு போக மைனஸ் மூன்று. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு ஆள் போவதைத் தலைமை அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை என்றும், கம்ப்யூட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று இரண்டு தடவை போன் செய்து கேட்டார்கள் என்றும் நஹ்ரீன் சொன்னாள். டிராய் கடை வேறொருத்திக்குப் போயிற்று. சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறதாம்.

அடுத்த வாரம் அக்கா என் கடைக்கு வந்தாள். நான் ஒரு பழைய லாட்டரிச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் வாரண்டி நூற்று எண்பத்தொன்பது தொண்ணூற்றொன்பது. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது நானூற்று எழுபத்திரண்டு. லேப்டாப் கையில் இருப்பதால் அதைச் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் அறுநூற்று அறுபத்தோரு டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட். "இவ்வளவு செலவு பண்ணி ஒருத்தன் போட்டோவ எறக்கியாச்சு. போதுமா?" என்றேன்.

"இது யாரு கணக்கு?" என்று கேட்டு என் பேனாவை வாங்கினாள். நான் எழுதியது முழுவதையும் அடித்தாள். கீழே தன் கையால் எழுதினாள்.

நோவிக்கி தர வேண்டிய பேரங்கள் நாற்பத்தொன்று.
தந்தது எட்டு.
பாக்கி முப்பத்து மூன்று.