அஷ்டமியில் ஒரு காதுகுத்து

டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் ஜூலை மாதம் காலை பத்து மணிக்கே கார் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு வான்மதி பார்த்த வேலை என்னவென்றால், உலகத்தின் உச்சந்தலையில் பனி உருகுவதைக் கண்காணிப்பது. பனி உருகினால் கடலில் வழி திறக்கிறது, வழி திறந்தால் கப்பல் போகிறது, கப்பல் போனால் கூடவே திருட்டுத்தனமும் போகிறது. அந்தத் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் ஹூஸ்டனில் ஒரு கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்துவந்தது.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ரஷ்யாவின் வடகோடியில் எரிவாயு எடுக்கிறார்கள். உக்ரைன் போர் வந்ததும் அதைக் கப்பலில் ஏற்றும் ஒரு முனையத்துக்கு அமெரிக்கா தடை போட்டது, அங்கிருந்து யாரும் வாங்கக் கூடாது, ஏற்றக் கூடாது என்று. தடை போட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களா? கிழட்டுக் கப்பல்களாகப் பார்த்து வாங்கினார்கள். பெயரை அழித்து வேறு பெயர் எழுதினார்கள், கொடியை மாற்றினார்கள். நான் இங்கே இருக்கிறேன் என்று ஒவ்வொரு கப்பலும் விடாமல் சிக்னல் அனுப்ப வேண்டும் என்பது விதி. இந்தக் கப்பல்கள் அதிலும் பொய் சொல்லும். சிக்னலைக் கேட்டால் நார்வே பக்கம் சும்மா நிற்பதாகச் சொல்லும், உண்மையில் முனையத்தில் எரிவாயு ஏற்றிக்கொண்டிருக்கும். ஆனால் மேலே செயற்கைக்கோள் ஒன்று சுற்றுகிறதே, அது பொய் சொல்லாது. அது எடுத்த படங்களை வைத்து, எந்தக் கப்பல் எது என்று அடையாளம் காட்டுவதில் வான்மதி கெட்டிக்காரி.

அந்த ஜூலையில் அவள் விரட்டிக்கொண்டிருந்தது 'செலஸ்டா கிரேஸ்' என்ற கப்பலை. முதுகில் நான்கு பெரிய உருண்டை டாங்கிகள். மூன்றாவது உருண்டையின் தலையில் துரு வழிந்து ஒரு பழுப்புக் கறை, சாம்பார் கிண்ணம் கவிழ்ந்த மாதிரி. வேறு எந்தக் கப்பலிலும் இல்லாத கறை. இன்னும் ஒரு தெளிவான படம் கிடைத்தால் அறிக்கை முடிந்துவிடும். அறிக்கை போனால் கப்பல் தடைப் பட்டியலில் ஏறும்.

அப்போதுதான் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் சபரி ஒரு போட்டோ போட்டான்.

சபரி அவளுடைய தம்பி. ஏழு வயது இளையவன். அப்பா அம்மா இருவரும் போனபிறகு தாராபுரத்தில் சித்தப்பா வீட்டில் வளர்ந்து, அக்கா அனுப்பிய பணத்தில் மரைன் இன்ஜினியரிங் படித்துக் கப்பலேறினவன். 'நார்வே பக்கம் ஒரு கேஸ் கப்பல், சம்பளம் டபுள்' என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தான். போட்டோவில் ஆரஞ்சு நிற உடுப்பில், பின்னால் பனிக்கட்டிகள் மிதக்க, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். 'இங்க குளிர்ல மூக்கு விழுந்துரும் போல' என்று எழுதியிருந்தான். சித்தி உடனே ஒரு கும்பிடும் பூங்கொத்தும் அனுப்பியிருந்தாள். வான்மதி போட்டோவைப் பெரிதாக்கினாள். அவன் தலைக்கு மேலே ஒரு உருண்டை டாங்கி. அதில் பழுப்புக் கறை.

செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தாள். வேறு கப்பலாக இருக்கக்கூடாதா என்று மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தாள். இல்லை, அதே கறைதான்.

தடைப் பட்டியலில் ஏறிய கப்பலுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாததா! கொடி கொடுத்த நாடு கொடியைப் பிடுங்கிக்கொள்ளும். இன்சூரன்ஸ் போய்விடும். எந்தத் துறைமுகமும் உள்ளே விடாது. முதலாளி போனை எடுக்கமாட்டான். மாசக்கணக்கில் நடுக்கடலில் சம்பளமில்லாமல் கிடந்தவர்களைப் பற்றி அவளே அறிக்கை எழுதியிருக்கிறாள்.

சரி, தம்பியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்றால், அதுதான் முடியாது. வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை வெளியே போனால் வேலை போகும், கேஸ் வரும், வரிசையில் நிற்கும் கிரீன் கார்டும் போகும். அறிக்கையில் அந்தக் கப்பலை விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள். அவள் விட்டாலும் பக்கத்து நாற்காலிக்காரன் விடமாட்டான். அன்று சாயங்காலம் டேகேரிலிருந்து மகள் வெண்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது, குழந்தையின் வெறும் காது கண்ணில் பட்டது.

வெண்பாவுக்கு மூன்று வயது. மாமன் லீவில் வரட்டும் என்று காதுகுத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். கொங்குநாட்டில் மாமன் மடி இல்லாமல் காதுகுத்து கிடையாது. கூப்பிட்டால் எந்த மாமனும் மறுக்கவும் முடியாது. வான்மதி காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள்கூடப் போகாமல் சபரிக்குப் போன் போட்டாள். அதிசயமாக லைன் கிடைத்தது.

"என்னக்கா, திடீர்னு?"

"திடீர்னு என்ன திடீர்? பாப்பாவுக்கு மூணு வயசு முடியப் போவுது. ஒத்தப்பட வயசுலதான் குத்தணும், இத விட்டா அஞ்சுதான். நம்ம கிட்டுசாமி ஜோசியர்கிட்டக் கேட்டேன். ஆகஸ்ட்ல ஒரே ஒரு சனிக்கெழமதான் நல்ல நாள்னுட்டாரு. தேதி அனுப்பறேன், வந்து சேரு."

"அக்கா, கான்ட்ராக்ட் நவம்பர் வரைக்கும் இருக்குது. நடுவுல எறங்குனா..."

"அப்ப மாமன் மடிக்கு நான் யார்ட்டப் போறது? உன்ற மச்சானோட ஆபீஸ் ஃப்ரெண்டு மடியில உக்கார வெச்சுக் குத்தட்டுமா? சொல்லிடு, அப்படியே பண்ணிடறேன்."

"அப்படியெல்லாம் பேசாதக்கா. கேட்டுப் பாக்கறேன்," என்றான் சபரி.

கிட்டுசாமி ஜோசியருக்கு அவள் போனே போடவில்லை. அலுவலகத்தில் எதுவரைக்கும் இழுக்க முடியும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மறுவாரம் வருகிற சனிக்கிழமையை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். மேலாளரிடம், "மேகம் மறைக்கிறது, இன்னொரு படம் வரட்டும்," என்றாள். அது பாதி உண்மை. கோடையில் அந்தக் கடலில் மூடுபனி சகஜம். ஒரு நாள் சபரியிடமிருந்து, 'எறங்கிட்டேன், விசா இருக்குது, டிக்கெட் போட்டாச்சு' என்று செய்தி வந்தது. அன்றைக்கே வான்மதி அறிக்கையை அனுப்பினாள். அன்று சேனாபதி, அவள் கணவன், பைப்லைன் சைட்டிலிருந்து களைத்து வந்தவன், என்னடி இன்னைக்கு இவ்வளவு குஷி என்று கேட்டான். தம்பி வருகிறான் என்றாள். அதில் பொய் எதுவுமில்லை.

சபரி மெலிந்து, தாடியோடு வந்து இறங்கினான். முதல் நாள் சாப்பாட்டில் மூன்று முறை ரசம் வாங்கிக் குடித்தான். பிறகு பெருமையாகச் சொன்னான்.

"லேசுல விடலக்கா. பதிலுக்கு ஆள் கொண்டாந்தாத்தான் எறக்குவோம்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. நம்ம கதிரைக் கூப்புட்டு ஏத்திவிட்டுட்டுத்தான் வந்தேன்."

"எந்தக் கதிரு?"

"என்ற காலேஜ் ஜூனியர், காங்கேயத்துக்காரன். ஒரு வருசமா கப்பல் கெடைக்காம வீட்ல உக்காந்துட்டிருந்தான். டபுள் சம்பளம்ன உடனே ஓடியாந்துட்டான். கையப் புடிச்சுட்டு அழுவறான்க்கா, தெய்வம் மாதிரி அண்ணாங்கறான்."

வான்மதி கரண்டியை ரசச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். ஒரு ஆள் இறங்கினால் இன்னொரு ஆள் ஏறுவான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கப்பலை மேலேயிருந்தே பார்த்துப் பழகியவள். மேலேயிருந்து பார்த்தால் ஆட்கள் தெரிவதில்லை.

வியாழக்கிழமை பட்டியல் வெளியானது. செலஸ்டா கிரேஸ் அதில் இருந்தது. சபரி செய்தி பார்க்கிற ரகமில்லை, வெண்பாவோடு தண்ணீர்த் துப்பாக்கி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை ஹாலில் ஜமக்காளம் விரித்தாயிற்று. காது குத்த ஷ்யாமளா ஆன்ட்டி வந்துவிட்டார்கள். அவர்கள் குழந்தை டாக்டர், கேட்டி வட்டாரத்தில் பாதித் தமிழ்க் குழந்தைகளின் காது அவர்கள் கையால்தான். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு சாந்தாமணி வந்தாள். ஈரோட்டுக்காரி. எதைச் செய்தாலும் காலண்டர் பார்க்காமல் செய்யமாட்டாள்.

"ராகுகாலம் முடிஞ்சுருச்சுங்களா, இருங்க பாக்கறேன்..." என்று போனைத் தடவியவள், "ஐயையோ, ஏனுங்க வான்மதி, இன்னைக்கு அஷ்டமியாச்சுங்களே!" என்றாள்.

"அது இந்தியா டைமுக்குங்க. இங்க திதி மாறும்," என்றாள் வான்மதி, சட்டென்று.

"நான் ஹூஸ்டனுக்குப் போட்டுத்தானுங்க பாத்தேன்."

சபரி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். வெண்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

முதல் காது குத்தியதும் குழந்தை வீடே அதிரக் கத்தினாள். "நோ மோர்! மாமா, டெல் ஹெர் நோ மோர்!" இரண்டாவது காதை மரத்துப்போகச் செய்ய ஷ்யாமளா ஆன்ட்டி ஐஸ் கேட்டார்கள். சேனாபதி ஃப்ரிட்ஜுக்கு ஓடினான். அந்த இடைவெளியில் சபரியின் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவன் அதைக் காதில் வைத்துக் கேட்டான். வான்மதி நின்ற இடத்துக்கே குரல் கேட்டது.

"அண்ணா, கதிர் பேசறேன். கப்பலுக்குக் கொடி இல்லீங்களாம். எங்கயுமே உள்ள விடமாட்டீங்கறாங்க. எங்க நிக்கறோம்னே எங்களுக்குச் சொல்லல. சாயங்காலத்துக்குள்ள எல்லார் போனையும் வாங்கி வெச்சுக்கறேன்னு கேப்டன் சொல்லிட்டாரு. என்ற அக்காகிட்ட மட்டும் நான் நல்லா இருக்கேன்னு சொல்லிருங்கண்ணா."

சபரி போனைப் பாக்கெட்டில் வைத்தான். ஐஸ் வந்தது. இரண்டாவது காது குத்தி முடிக்கும்வரை குழந்தையின் தலையை நெஞ்சோடு சேர்த்து, ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான். மாமன் செய்யவேண்டியதை ஒரு குறையும் வைக்காமல் செய்தான். சட்டை, கொலுசு, எல்லாம் எடுத்துக் கொடுத்தான். பிறகு எழுந்து கார் நிறுத்தும் கராஜுக்குள் போனான். வான்மதியும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அனலடித்தது.

"கிட்டுசாமி ஜோசியர் அஷ்டமியில நாள் குறிச்சாராக்கா?"

வான்மதி சாத்திய கதவிலேயே சாய்ந்துகொண்டாள்.

"நீ அவருகிட்டக் கேக்கவே இல்ல."

"இல்லடா."

"கப்பல் மாட்டப் போவுதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

"மாட்டிவிட்டதே நான்தான்டா," என்றாள் வான்மதி. சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்ற வேலையே அதுதானே. உன்னை மட்டும் எப்படியாச்சும் எறக்கிரணும்னு நெனச்சேன். உன் எடத்துக்கு இன்னொருத்தன் வருவான்னு தோணவே இல்ல, சத்தியமா."

"தோணியிருந்தா?"

தோன்றியிருந்தாலும் அவள் இதையேதான் செய்திருப்பாள். அது அவளுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. சபரி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"கதிருக்கும் ஒரு அக்கா இருக்குதுக்கா. ருக்மிணின்னு பேரு, காங்கேயத்துல துணிக்கடையில நிக்குது. அதுக்குக் கப்பல் பாக்கற வேலையில்ல."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுப் போனை எடுத்து ருக்மிணியின் நம்பரைத் தட்டி, அவளிடம் நீட்டினான்.

"தம்பி எங்க இருக்கான்னு கேக்கும். கப்பல்ல இருக்கறவனுக்கே தெரியல. எனக்கும் தெரியாது. உனக்குத்தான் தெரியும். நீயே சொல்லு."

சொன்னால் என்னென்ன போகும் என்று வான்மதிக்கு வரிசையாகத் தெரியும். ஹாலில் வெண்பா இன்னும் விசும்பிக்கொண்டிருந்தாள். போன் இரண்டு முறை அடித்தது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"சபரிங்களா? தம்பிகிட்ட இருந்து ஏதாச்சும் தகவல் வந்துச்சுங்களா?"

வான்மதி போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் சபரியோட அக்காங்க," என்றாள். "உங்க தம்பி கப்பல் எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. எழுதிக்கறீங்களா?"