நீல உடுப்பைக் கொதிக்க வைத்த அக்கா

பிரோஷ்கா நீல உடுப்பை இரண்டு தரம் கொதிக்க வைத்திருந்தாள். ஒரு தரம் போதும் என்று தங்கை போரி படித்துப் படித்துச் சொன்னாள், யார் கேட்டார்கள்?

புது ஜூடோ உடுப்பு வாங்கும்போது தொளதொளவென்று இருக்கும். எதிராளி கொத்தாகப் பிடித்துக்கொள்ள அதைவிட வசதி வேண்டாம். அதனால் எல்லா கிளப்பிலும் அதை வெந்நீரில் போட்டுச் சுருக்குவார்கள். சுருங்கிய பிறகும் உடுப்பின் கை மணிக்கட்டு எலும்பை மூட வேண்டும் என்பது விதி. மூடினால் போதும், அதற்குமேல் ஒரு நூல் மிச்சம் வைக்கக் கூடாது என்பது பிரோஷ்காவின் விதி. செக்லேட் ஊரில் இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிளம் ஜாம் காய்ச்சும் பெரிய பானையில் உடுப்பைப் போட்டு, மரக்கரண்டியால் கிளறி, கண்ணாலேயே அளந்து எடுப்பாள்.

அந்தக் கண்தான் இன்றைக்குக் காலை வாரிவிட்டது.

ஜூடோவில் ஒருவருக்கு வெள்ளை உடுப்பு, எதிராளிக்கு நீலம். புடாபெஸ்ட் அரங்கில் காலையிலிருந்து போரிக்கு எல்லாச் சண்டையும் வெள்ளை உடுப்பில்தான் அமைந்தது. நான்கில் ஒன்றில் தோற்று, மற்றதையெல்லாம் வென்று, வெண்கலத்துக்கான சண்டைக்கு வந்திருந்தாள். அதற்கு மட்டும் நீலம். வாசலில் அளவெடுக்கும் ஜோல்ட் கையை நீட்டச் சொன்னார். போரி நீட்டினாள். மணிக்கட்டு எலும்பு வெளியே வந்து நின்றது.

"ஒரு விரல் கம்மி," என்றார் ஜோல்ட்.

"அண்ணே, இழுத்துவிட்டா வந்துரும். இதோ பாருங்க," என்று பிரோஷ்கா தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பிரோஷ்கா, நீ அதை இழுக்கல. தங்கச்சி கையைத்தான் இழுக்கிற."

"நம்ம ஊர்க்காரங்கதானே நீங்க? சின்ன வயசுலேருந்து எங்களைப் பார்க்கறீங்க."

"அதனாலதான் விட முடியாது. விட்டா நாளைக்கு ஊர் முழுக்க என்னைத்தான் பேசும்." அளவு தவறியவர்களுக்கென்று பெட்டியில் வைத்திருந்த பெரிய பொது உடுப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதைப் போட்டுக்கம்மா போரி. நீ மேல போய் உட்காரு, பிரோஷ்கா. விதி உனக்குத் தெரியும்."

தெரியும். உடுப்பு அளவு தவறினால் அந்தச் சண்டைக்குப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரக் கூடாது.

போரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒலிம்பிக்குக்குப் புள்ளி சேர்க்க இதுதான் கடைசிப் போட்டி. இந்தச் சண்டையை வென்றால் போகலாம். தோற்றால் செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அந்த வேலைக்குச் சம்மதம் சொல்லியாகிவிட்டது. பதினேழு வருடமாக அந்த நாற்காலியில் அக்கா இல்லாமல் அவள் ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. நடுவர் நிறுத்தும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பாள். அக்கா சொல்வாள், அவள் செய்வாள்.

"அவ வலது கையைக் கவனி. கையை விட்டுக் குடுத்துராதே. அப்புறம், முட்டி போட்டு வீசற வேலை வேண்டாம், சொல்லிட்டேன்," என்று பிரோஷ்கா ஒரே மூச்சில் சொன்னாள்.

"நீ போ அக்கா. இன்னும் நின்னா அவர் என்னையும் வெளிய அனுப்பிருவார்."

முட்டி போட்டு எதிராளியைத் தோளுக்குமேல் வீசுவது பிரோஷ்காவின் சொந்த வித்தை. இருபத்திரண்டு வயதில் அப்படி வீசப் போய்த்தான் அவள் முழங்கால் போனது. அன்றோடு ஆட்டமும் போனது. தங்கைக்கு எல்லாம் கற்றுக் கொடுத்தாள், அதை மட்டும் விட்டுவிட்டாள். ஆனால் பயிற்சி முடிந்து அக்கா காரை எடுக்கப் போகும் ஐந்து நிமிடத்தில் போரி அதைப் பழகிக்கொண்டிருந்தாள். பல வருடமாக.

எதிராளி டச்சுக்காரி ஃபெம்கே. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. போரியின் தொளதொள உடுப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவர் தொடங்கச் சொன்னதும் போரியின் வலது கைத்துணியை மடக்கிச் சுருட்டிப் பிடித்தாள். போரி உதறினாள். சொந்த உடுப்பென்றால் வழுக்கியிருக்கும், இது அசையவில்லை. ஒரு நிமிடத்தில் போரிக்கு முதல் எச்சரிக்கை. தாக்கவில்லை என்று.

நடுவர் நிறுத்தினார். போரி திரும்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில்.

அவள் திரும்புவாள் என்று ஐரோப்பா முழுக்கத் தெரியும், ஃபெம்கேவுக்கும் தெரியும். போரி தலையைத் திருப்பி வருவதற்குள் கைத்துணி மறுபடி அவள் பிடியில். இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது வந்தால் கதை முடிந்தது.

"ஹஜ்ரா, போரி!" விடாதே போரி என்று மேலே கூட்டம் கத்தியது. ஆயிரம் பேர் தொண்டையில் அக்காவின் தொண்டை எது என்று தெரியவில்லை. போரிக்குக் கோபம் வந்தது. அக்காமேல், பானைமேல், ஜோல்ட்மேல், அப்புறம் முப்பத்தொரு வயதிலும் நாற்காலியைத் தேடுகிற தன்மேல்.

அடுத்த முறை நிறுத்தியபோது அவள் திரும்பவில்லை.

ஃபெம்கே பழையபடி கைத்துணியைச் சுருட்டிப் பிடித்தாள். இந்தத் தடவை போரி உதறவில்லை. பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். அவ்வளவு துணியில் விரல் சிக்கினால் சட்டென்று எடுக்க முடியாது. முதுகைக் காட்டித் திரும்பினாள், இரண்டு முட்டியும் பாயில் மோத விழுந்தாள், சிக்கிய கையை முன்னால் இழுத்தாள். டச்சுக்காரி தலைக்குமேல் போய் முழு முதுகும் பட விழுந்தாள்.

நடுவரின் கை நேராக மேலே போனது. இப்போன். முழு வெற்றி. போரி எழுந்திருக்காமல் பாயிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அளவெடுக்கும் வாசலுக்குப் பின்னால் பிரோஷ்கா நின்றிருந்தாள். படிகளில் நொண்டி நொண்டி இறங்கியதில் மூச்சு வாங்கியது. கையில் போகாச்சா ரொட்டிப் பை.

"முட்டியைக் காட்டு," என்றாள். முதல் பேச்சே அதுதான்.

"ஒண்ணுமில்ல அக்கா."

"காட்டுடி!" குனிந்து இரண்டு முட்டியையும் அமுக்கிப் பார்த்தாள். நிமிரவே இல்லை. "எத்தனை நாளா பழகற?"

"நீ காரை எடுக்கப் போற நேரத்துல."

"பதினேழு வருஷமாவா?"

"ஒரு பத்து வருஷமா."

பிரோஷ்கா தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்ப ஒலிம்பிக்ல நாற்காலியில வேற யாரையாவது போட்டுக்கறியா? நான் இல்லாமலே ஜெயிச்சிட்ட."

போரி பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"உடுப்பை நான் துவைச்சுக்கறேன். நீ நாற்காலியில உட்காரு. ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

"பேசாம உட்கார்றதுக்கு நான் எதுக்குடி? தண்ணி பாட்டில் போதுமே."

"பாட்டிலைத்தான் இன்னிக்குப் பார்த்தேனே," என்றாள் போரி. "திரும்பினா நீ இருக்கணும் அக்கா. அவ்வளவுதான்."