மூடிக் கிடந்த இடுக்கி

என் தங்கச்சிக்குப் பித்தப்பையில் கல். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். கருவிகளைக் கழுவிக் கட்டுவதுதான் என் வேலை. அவளுக்கான பெட்டியை நானே கட்டினேன். புதிதாக வந்த மெஷின்காரியைத் தொட விடவில்லை. கருவிகளை வேகவைத்துக் கிருமியைக் கொல்லும் நீராவி இயந்திரத்துக்குப் படித்துவிட்டு வந்தவளாம். படித்தவர்கள் கழுவியதை நான் பார்த்திருக்கிறேன்.

மூட்டு மூட்டாகத் தேய்த்தேன். ரத்தக்குழாயைக் கவ்வும் இடுக்கிகளைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் பல்லைத் திறந்து வைத்தேன். மூடியபடி வேகவைத்தால் மூட்டுக்குள் நீராவி போகாது. அழுக்கு உள்ளேயே உயிரோடு இருக்கும்.

அப்போது தங்கச்சி புருஷன் வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், தாகமா இருக்குங்கறா. ஒரு வாய் தண்ணி குடுக்கட்டுமா?"

"குடுத்துப் பாரு, உன்னையும் பக்கத்துக் கட்டில்ல படுக்க வச்சிடுவேன்!"

அவரை விரட்டிவிட்டு, கையிலிருந்ததைப் பெட்டியில் போட்டேன். துணியைச் சுற்றிக் கட்டினேன். பெட்டி வெந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிற்று.

அடுத்த பெட்டிக்கு ஓர் இடுக்கியைத் திறந்தேன். 'கிடுக்' என்றது. தங்கச்சி பெட்டியில் கடைசியாகப் போட்டதை நான் திறக்கவே இல்லை.

தியேட்டர் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்தச் சொல்லும்மா! நான் கட்டின பெட்டியில ஒண்ணு மூடியிருக்கு. தப்பு என்னுதுதான்."

பின்னாலேயே மெஷின்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஐயா, அது திறந்துதான் இருக்கு. வேகவைக்கறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணு மூடியிருந்துச்சு, திறந்துட்டுக் கட்டினேன்."

"உன் பேச்சை எப்படி நம்புறது?"

"நம்பாதீங்க. அவங்களைப் பாக்கச் சொல்லுங்க."

நர்ஸ் உள்ளே போனாள். இன்னும் கத்தி வைக்கவில்லையாம். திரும்பி வந்து, "எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் இருக்கு பெரியவரே, உங்களை மாதிரியே" என்றாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது. வெட்கமாக இல்லை.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? என் பெட்டியை எவ தொட்டான்னு ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கியிருப்பீங்க."

ஆக்கியிருப்பேன். பொய் சொல்வானேன்.

மதியத்துக்குள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தங்கச்சி கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "ஏன் மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு, அடி வாங்கினியா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

வேலைக்குத் திரும்பினேன். அடுத்த பெட்டியை அடுக்கி, துணியை மூடாமல் மெஷின்காரி பக்கம் தள்ளினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கு ஐயா."

"அதுக்குள்ளேயா? நல்லாப் பாரு."